லின்டரில் தொடர்வரிகளைக் கையாளும் முறை

பிழை இருப்பது 3-ஆம் வரியில். லின்டர் (நிரலை ஓட்டாமலே படித்துப் பிழைகளைச் சுட்டும் கருவி) சிவப்புக் கோடு போடுவது 1-ஆம் வரியில். இன்னொரு கோப்பில் ஒரே ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது. பிழைச் செய்தியோ கோப்பின் கடைசி வரியைக் காட்டுகிறது. மூன்றாவது கோப்பில் பிழை இருந்தும் லின்டர் வாயே திறக்கவில்லை. இந்த மூன்று வகைப் புகார்களையும் தோண்டிப் பார்த்தால், பல நேரம் அடியில் கிடப்பது ஒரே விஷயம்தான். ஒரு கூற்றைப் பல வரிகளாக உடைத்து எழுதியதை லின்டர் தவறாக ஒட்டியிருக்கும். அல்லது சரியாக ஒட்டிவிட்டு, எந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைத் தொலைத்திருக்கும்.

லின்டர் எழுதுபவர்களுக்கான இந்தக் குறிப்பு முழுவதும் இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்துகிறோம். எடிட்டரில் எண் போட்டுத் தெரிவது 'கோப்பு வரி'. தொடர்ச்சிகளை ஒட்டிய பிறகு கம்பைலரோ இன்டர்பிரெட்டரோ ஒரே வரியாகப் பார்ப்பது 'முழு வரி'. இலக்கணம் சோதிக்கப்படுவது முழு வரியில். பிழை காட்டப்பட வேண்டியது கோப்பு வரியில். இந்த இரண்டுக்கும் நடுவே போய்வரும் பாதையை முதல் நாளிலேயே போட்டுவிடுங்கள். பிறகு சேர்க்க நினைத்தால் ஒவ்வொரு விதியையும் திறந்து திருத்த வேண்டிவரும்.

## ஒட்டுவது யார், எந்தக் கட்டத்தில்?

'வரி பேக்ஸ்லாஷில் (\) முடிந்தால் அடுத்த வரியோடு ஒட்டு' என்று ஒரு ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரம்) எழுதுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அது ஏறக்குறைய எந்த மொழிக்கும் முழுதாகச் சரிவராது. காரணம், ஒட்டும் வேலை ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு கட்டத்தில் நடக்கிறது.

சி மொழியில் இது மிக முன்னாலேயே நடந்துவிடுகிறது. சி தரநிலை மொழிபெயர்ப்பைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. 2-ஆம் கட்டத்தில் பேக்ஸ்லாஷும் அதை ஒட்டி வரும் நியூலைனும் (வரிமுடிவு எழுத்து) நீக்கப்படுகின்றன. கமென்ட் எது, டோக்கன் (பெயர், எண், குறி போன்ற சிற்றலகு) எது என்று பார்ப்பதே 3-ஆம் கட்டத்தில்தான். ஆகவே ஒட்டும் நேரத்தில் சி-க்குக் கமென்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது:

```
// தரவு இருக்கும் இடம்: சி:\தரவு\
எண்ணிக்கை = 0;
```

விண்டோஸ் பாதையை எழுதியவர் கடைசியில் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுவிட்டார். இரண்டாவது வரி முழுவதும் கமென்ட்டுக்குள் போய்விட்டது. எண்ணிக்கை பூஜ்யமாகவே இல்லை. இது இலக்கணப் பிழை அல்ல. கம்பைல் ஆகும், ஓடும், தவறான விடை தரும். ஜிசிசி கம்பைலர் '-வால்' (-Wall) கொடியோடு ஓடினால் இதை எச்சரிக்கும். உங்கள் கருவியும் கட்டாயம் எச்சரிக்க வேண்டும்.

சி-யில் பேக்ஸ்லாஷ்களை எண்ணுவதும் தவறு. வரி முடிவில் இரண்டு பேக்ஸ்லாஷ் இருந்தால் 'ஒன்று மற்றொன்றை எஸ்கேப் செய்கிறது (அதன் சிறப்புப் பொருளை நீக்குகிறது), ஆகவே தொடர்ச்சி இல்லை' என்று நினைக்கத் தோன்றும். ஷெல்லில் அந்தக் கணக்கு சரி. சி-யில் கடைசி பேக்ஸ்லாஷ் நியூலைனோடு போய்விடும், முந்தையது நின்றுவிடும், வரிகள் ஒட்டிக்கொள்ளும்.

ஷெல்லில் நிலைமை வேறு. அங்கே ஒட்டலாமா என்பது மேற்கோளைப் பொறுத்தது. மேற்கோள் இல்லாத இடத்திலும் இரட்டை மேற்கோளுக்குள்ளும் பேக்ஸ்லாஷ்-நியூலைன் இணை மறைந்துவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் அது வெறும் இரண்டு எழுத்துகள், அப்படியே நிற்கும். கமென்ட்டில் அதற்கு எந்தப் பலமும் இல்லை. ஹியர்-டாக் (ஒரு முடிவுச் சொல் வரும் வரை உள்ள வரிகளைக் கட்டளைக்கு உள்ளீடாகத் தருவது) என்றால், முடிவுச் சொல்லை மேற்கோளில் எழுதியிருந்தால் ஒட்டாது. மேற்கோள் இல்லாவிட்டால் ஒட்டும். ஆகவே லெக்சர் (எழுத்துகளை டோக்கன்களாகப் பிரிக்கும் பகுதி) எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஷெல்லில் ஒரு வரியைக்கூட ஒட்ட முடியாது.

பைத்தானில் பேக்ஸ்லாஷ் தொடர்ச்சி கமென்ட்டில் செல்லாது. ஸ்ட்ரிங்கைத் தவிர வேறு எந்த டோக்கனையும் நடுவில் உடைக்கவும் முடியாது. ஒரு மாறியின் பெயரைப் பாதியில் வெட்டி அடுத்த வரியில் தொடர சி அனுமதிக்கும், பைத்தான் அனுமதிக்காது. 'ஆர்' முன்னொட்டுள்ள ரா ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷ்-நியூலைன் வந்தால் ஸ்ட்ரிங் அடுத்த வரிக்குப் போகும். ஆனால் அந்த இரண்டு எழுத்துகளும் ஸ்ட்ரிங்கின் மதிப்பிலேயே இருக்கும். இதை நீக்கிவிட்டு ஒட்டும் கருவி ஸ்ட்ரிங்கின் நீளத்தைத் தவறாகக் கணக்கிடும்.

இதிலிருந்து கட்டமைப்புக்கான முடிவு நேராக வருகிறது. சி, மேக்ஃபைல் (மேக் கருவிக்கான கட்டளைக் கோப்பு), பழைய ஃபோர்ட்ரான் போன்றவற்றுக்கு லெக்சருக்கு முன்னால் தனி ஒட்டும் படி வையுங்கள். ஷெல், பைத்தான் போன்றவற்றுக்கு லெக்சருக்குள்ளேயே ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே பொதுச் செயல்கூறில் 'ஆப்ஷன்' போட்டு அடக்க முயல வேண்டாம். ஆப்ஷன்கள் பெருகிக்கொண்டே போகும், எந்த மொழிக்கும் முழுதாகச் சரியாக இருக்காது.

சி++ எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். சி++11-இல் வந்த ரா ஸ்ட்ரிங்குக்குள் 2-ஆம் கட்டத்தில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க வேண்டும் என்பது விதி. ஒட்டும்போது எதை நீக்கினோம் என்று எழுதி வைக்காத கருவிக்கு இது முடியாத காரியம்.

## ஒரே வடிவம், நான்கு விளைவு

கருவியை ஒரு மொழிக்கு எழுதிவிட்டு அடுத்த மொழிக்கு நகலெடுப்பவர்கள் இதை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொடர்வரிகளுக்கு நடுவே ஒரு வரியைத் தற்காலிகமாகக் கமென்ட் ஆக்குகிறோம்:

```
... அ \
  # இ இப்போது வேண்டாம் \
  உ
```

மேக்ஃபைலில் இது ஒரு மாறிக்கான மதிப்பு என்றால், முதலில் மூன்று வரிகளும் ஒட்டப்படும், பிறகே '#' பார்க்கப்படும். கமென்ட் வரி முடிவு வரை நீளும் என்பதால் 'உ'-வும் கமென்ட்டோடு போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியலில் ஒரு கோப்பு குறையும், லிங்க் செய்யும்போதுதான் தெரியவரும்.

ஷெல்லில் முதல் இரண்டு வரிகள் ஒட்டும். '#' கமென்ட்டைத் தொடங்கும், அந்தக் கமென்ட்டின் கடைசி பேக்ஸ்லாஷ் செல்லாது. ஆகவே 'உ' தனிக் கட்டளையாக ஓடும். அந்தப் பெயரில் கட்டளை இல்லையென்றால் பிழை வரும். இருந்துவிட்டால் அது நிஜமாகவே ஓடிவிடும், அதுதான் ஆபத்து. ஷெல்லுக்கான லின்டரான ஷெல்செக் இதற்கென்றே 1143 என்ற எண்ணில் எச்சரிக்கை வைத்திருக்கிறது.

டாக்கர்ஃபைலில் கமென்ட் வரிகள் முன்கூட்டியே தூக்கப்படுவதால் 'அ' நேராக 'உ'-வோடு ஒட்டும். எழுதியவர் நினைத்தது நடப்பது இங்கே மட்டும்தான். டாக்கர்ஃபைலில் பழகிய கை அதே பழக்கத்தை ஷெல்லுக்குக் கொண்டுபோவதால்தான் இந்தப் பிழை இவ்வளவு பரவலாக இருக்கிறது.

பைத்தானில் பேக்ஸ்லாஷுக்கு அடுத்த வரியில் கமென்ட் வந்தால் கூற்று அங்கேயே முடிந்துவிடும். அடைப்புக்குறிக்குள் எழுதினால் நடுவே கமென்ட் போடலாம், வெற்று வரி விடலாம், எந்தச் சிக்கலும் இல்லை.

விதி எழுத எளிது: தொடர்ச்சியில் இருக்கும்போது அடுத்த கோப்பு வரியில் ஸ்பேஸ் அல்லாத முதல் எழுத்து '#' என்றால், மேக்ஃபைலிலும் ஷெல்லிலும் அந்த '#' மேலேயே எச்சரிக்கை காட்டுங்கள். ஷெல்லில் மேற்கோளுக்குள் இருக்கும்போதும் ஹியர்-டாக்கின் உள்ளேயும் இந்த விதியை அணைத்துவிடுங்கள்.

## துண்டு அட்டவணை

இதுதான் வேலையின் இதயம். முழு வரியை உருவாக்கும்போதே, அதன் ஒவ்வொரு துண்டும் எந்தக் கோப்பு வரியிலிருந்து வந்தது என்று ஓர் அட்டவணை எழுதிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து விவரம் போதும்: முழு வரியில் தொடங்கும் இடம், கோப்பு வரி எண், கோப்பு வரியில் தொடங்கும் இடம், நீளம், வகை.

பைத்தான் 3-இல் தமிழில் மாறிப் பெயர் வைக்கலாம் என்பதால் அதிலேயே ஓர் எடுத்துக்காட்டு (இதில் 'வரி' என்பது டாக்ஸைக் குறிக்கும் மாறியின் பெயர்):

```
மொத்தம் = விலை + \
    வரி + \
    கூலி கட்டணம்
```

மூன்றாவது வரியில் 'கூலி'-க்கும் 'கட்டணம்'-க்கும் நடுவே ஒரு கூட்டல் குறி விட்டுப்போயிருக்கிறது. இடங்களை 0-விலிருந்து, யூனிகோட் குறிகளாக எண்ணுவோம். முதல் வரியில் பேக்ஸ்லாஷுக்கு முன்னால் 17 குறிகள் உள்ளன: 'மொத்தம்' 7, 'விலை' 4, சமன் குறி 1, கூட்டல் குறி 1, ஸ்பேஸ் 4. இரண்டாவது வரியில் பேக்ஸ்லாஷுக்கு முன்னால் 10: தொடக்க ஸ்பேஸ் 4, 'வரி' 3, ஸ்பேஸ் 1, கூட்டல் குறி 1, ஸ்பேஸ் 1. அட்டவணை இப்படி வரும்:

```
துண்டு 1: முழு வரியில் 0   → கோப்பு வரி 1, இடம் 0, நீளம் 17
துண்டு 2: முழு வரியில் 17  → கோப்பு வரி 2, இடம் 0, நீளம் 10
துண்டு 3: முழு வரியில் 27  → கோப்பு வரி 3, இடம் 0, நீளம் 16
```

பார்சர் (இலக்கணத்தைச் சோதிக்கும் பகுதி) முழு வரியில் 36-ஆம் இடத்தில் 'எதிர்பாராத பெயர்' என்று நிற்கிறது. அட்டவணையில் 36-ஐத் தாண்டாத தொடக்கங்களில் மிகப் பெரியது 27. ஆகவே கோப்பு வரி 3, இடம் 36 − 27 = 9. எடிட்டர் 1-இலிருந்து எண்ணினால் 10-ஆவது இடம். 'கட்டணம்' தொடங்குவது அங்கேதான். தொடக்கங்கள் ஏறுவரிசையில் இருப்பதால் பைனரி தேடல் போதும்; ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட மேக்ரோ கோப்பிலும் வேகம் குறையாது.

இங்கே வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

ஒன்று, பிழையின் முடிவு. ஒரு பிழைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிவை 'அடுத்த எழுத்தின் இடம்' என்று வைத்திருப்பீர்கள். முதல் துண்டின் கடைசி வரை நீளும் பிழைக்கு முடிவு 17. அதை நேரடியாக அட்டவணையில் தேடினால் 2-ஆம் கோப்பு வரியின் தொடக்கம் கிடைக்கும். சிவப்புக் கோடு பேக்ஸ்லாஷையும் தாண்டி அடுத்த வரிக்கு வழியும். முடிவில் ஒன்றைக் கழித்துத் தேடி, கிடைத்த இடத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள்.

இரண்டு, நீளமே இல்லாத பிழை. 'இங்கே ஒரு கூட்டல் குறி வேண்டும்' என்பது போன்ற செய்தி சரியாக ஒட்டில் விழுந்தால் அது முந்தைய வரிக்கா அடுத்த வரிக்கா? 'விட்டுப்போனது' வகைச் செய்திகளை முந்தைய துண்டின் முடிவிலும், 'எதிர்பாராதது' வகையை அடுத்த துண்டின் தொடக்கத்திலும் காட்டுங்கள். எழுதுபவரின் கண் தேடும் இடங்கள் அவைதான்.

மூன்று, நாமே சேர்த்த எழுத்து. மேக்ஃபைலில் ரெசிபிக்கு (மேக் ஓட்டும் ஷெல் கட்டளை வரிகளுக்கு) வெளியே பேக்ஸ்லாஷ், நியூலைன், இரு பக்க ஸ்பேஸ்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்பேஸாகச் சுருங்கும். டிக்கில் (Tcl) மொழியிலும் பேக்ஸ்லாஷ்-நியூலைனும் அடுத்த வரியின் தொடக்க ஸ்பேஸ்களும் ஒரே ஸ்பேஸ் ஆகும். அந்த ஸ்பேஸ் கோப்பில் எங்கும் இல்லை. அதற்கு 'சேர்த்தது' என்ற வகையோடு நீளம் 1 உள்ள தனித் துண்டு கொடுத்து, பேக்ஸ்லாஷின் இடத்தைச் சுட்டுங்கள். 'வகை' என்ற ஐந்தாவது விவரம் இதற்காகத்தான். ரெசிபிக்கு உள்ளே மேக் எதையும் சுருக்காது. பேக்ஸ்லாஷையும் நியூலைனையும் அப்படியே ஷெல்லிடம் தரும், அடுத்த வரியின் முன்னிருக்கும் டேபை மட்டும் எடுத்துவிடும். ஒரே கோப்பில் இரண்டு விதிகள் என்பதை மறக்க வேண்டாம்.

## தமிழ் இருக்கும் கோப்பில் இடத்தை எண்ணுவது

மேலே வந்த 9 என்ற எண்ணை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது தவறாகலாம். 'கட்டணம்' என்ற சொல்லுக்கு முன்னால் அந்த வரியில் கண்ணுக்குத் தெரிவது 7 எழுத்துகள்: நான்கு ஸ்பேஸ், 'கூ', 'லி', ஒரு ஸ்பேஸ். யூனிகோட் குறிகளாக 9. யூடிஎஃப்-8 பைட்டுகளாக 17, ஏனென்றால் 'கூலி'-யின் நான்கு குறிகளும் ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கின்றன.

பைத்தானின் ஏஎஸ்டி (நிரலின் இலக்கண மரம்) தரும் இடம் யூடிஎஃப்-8 பைட்டில் வருகிறது. அதே பைத்தானின் டோக்கனைஸ் மாட்யூல் தருவது யூனிகோட் குறியில். இத்தகைய கருவிகளும் எடிட்டரும் பேசிக்கொள்ளும் லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலில் இயல்பான அளவு யூடிஎஃப்-16, 3.17 பதிப்பிலிருந்து சர்வரும் எடிட்டரும் வேறு அளவுக்கு ஒத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்பில் இந்த எண்கள் எல்லாம் ஒன்றாகவே இருப்பதால் சோதனையில் பிழை தெரியாது. தமிழ் கமென்ட்டோ தமிழ் ஸ்ட்ரிங்கோ உள்ள வரியில்தான் கோடு பத்துப் பதினைந்து இடம் தள்ளிப்போய் விழும். கருவிக்குள் எங்கும் பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும் கடைசி நொடியில் மாற்றுவது நல்லது.

'மொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் தட்டச்சு செய்ய முடியும். அப்போது குறிகள் இரண்டல்ல, மூன்று. பைத்தான் பெயர்களை ஒப்பிடும்போது சீர்ப்படுத்திக்கொள்கிறது என்பதால் நிரல் ஓடும். ஆனால் நீங்கள் கோப்பை முதலில் சீர்ப்படுத்திவிட்டு இடத்தை எண்ணினால் கணக்கு தவறும். எண்ணுவது எப்போதும் கோப்பில் உள்ளபடியே.

## மூடாத அடைப்புக்குறி

பைத்தானில் அடைப்புக்குறி திறந்திருக்கும் வரை நியூலைனுக்கு மதிப்பில்லை. ஒன்றை மூட மறந்தால் மீதிக் கோப்பு முழுவதும் ஒரே முழு வரியாகிவிடும். பைத்தான் 3.10-க்கு முன்பு இப்படிப்பட்ட பிழைக்கு அடுத்த வரியில் எங்கோ 'தவறான இலக்கணம்' என்றுதான் பெரும்பாலும் செய்தி வரும், 3.10 முதல் 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று திறந்த இடத்தையே காட்டுகிறது. உங்கள் கருவியும் அதையே செய்ய வேண்டும்.

அதற்கு, திறக்கும் ஒவ்வொரு அடைப்புக்குறியையும் அதன் கோப்பு வரி, இடம், அந்த வரியின் உள்தள்ளல் மூன்றோடும் ஸ்டாக்கில் (கடைசியாகப் போட்டது முதலில் வெளிவரும் அடுக்கு) போடுங்கள். ஸ்டாக் காலியாகாத நிலையில் புதிய கோப்பு வரி தொடங்கும்போது இரண்டு நிபந்தனைகளைப் பாருங்கள். அதன் உள்தள்ளல், அடைப்புக்குறி திறந்த வரியின் உள்தள்ளலுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கிறதா? முதல் சொல், கூற்றைத் தொடங்க மட்டுமே பயன்படும் சொல்லா? இரண்டும் ஆம் என்றால் பிழையைத் திறந்த இடத்தில் எழுதி, ஸ்டாக்கைக் காலி செய்து, அந்த வரியைப் புதிய முழு வரியாகத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஒரு மறதிக்கு நாற்பது பிழைச் செய்திகள் வரும். படிப்பவர் எதையும் நம்பமாட்டார்.

சொல் தேர்வில் கவனம் வேண்டும். டெஃப், கிளாஸ், ரிட்டர்ன், வொய்ல், ட்ரை, இம்போர்ட் ஆகியவை அடைப்புக்குறிக்குள் வரவே முடியாது, இவற்றை நம்பலாம். இஃப், எல்ஸ், ஃபார் மூன்றும் கம்ப்ரிஹென்ஷனிலும் (பட்டியல் போன்றவற்றை ஒரே கோவையில் கட்டும் வடிவம்) நிபந்தனைக் கோவையிலும் வரும். ஃப்ரம், 'யீல்ட் ஃப்ரம்'-இல் வரும். அசிங்க், 'அசிங்க் ஃபார்'-இல் வரும். இவற்றைப் பட்டியலில் சேர்த்தால் சரியான நிரலைப் பிழை என்று சொல்வீர்கள். மூன்று மேற்கோள் ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும்போது இந்தச் சோதனையை ஓட்டவே கூடாது.

## பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்

கண்ணுக்குத் தெரியாத பிழைகளில் இதுதான் அதிக நேரம் தின்பது. பேக்ஸ்லாஷுக்கும் நியூலைனுக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் இருக்கிறது. பைத்தான், தொடர்ச்சிக் குறிக்குப் பின் எதிர்பாராத எழுத்து என்று நின்றுவிடும். ஷெல் அதை 'எஸ்கேப் செய்த ஸ்பேஸ்' என்று எடுத்து, ஒற்றை ஸ்பேஸை ஓர் ஆர்க்யூமென்ட்டாகக் கட்டளைக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வரியைத் தனிக் கட்டளையாக ஓட்டும். ஜிசிசி எச்சரித்துவிட்டுத் தொடர்ச்சியாகவே ஏற்கும். சி++23 இதை மொழியின் விதியாகவே ஆக்கிவிட்டது, பேக்ஸ்லாஷுக்குப் பின் வரும் ஸ்பேஸ்கள் இருந்தாலும் ஒட்ட வேண்டும்.

எந்த மொழியானாலும் உங்கள் கருவி செய்ய வேண்டியது: பிழையை அந்த ஸ்பேஸின் மேலேயே காட்டுங்கள், 'பேக்ஸ்லாஷுக்குப் பின் ஸ்பேஸ் உள்ளது, நீக்கவும்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், நீக்கும் தானியங்கித் திருத்தத்தையும் கூடவே கொடுங்கள். பிறகு, தொடர்ச்சி இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள். எழுதியவர் நினைத்தது அதைத்தான். அப்படிச் செய்தால் அடுத்த வரியில் போலிப் பிழைகள் கிளம்பாது.

விண்டோஸில் சேமித்த ஷெல் கோப்பில் இதே பிழை வேறு உருவில் வரும். பேக்ஸ்லாஷுக்கு அடுத்து இருப்பது சிஆர் (விண்டோஸ் வரிமுடிவில் சேர்க்கும் 'கேரேஜ் ரிட்டர்ன்' எழுத்து), அதற்கப்புறம்தான் நியூலைன். பாஷ் சிஆரை எஸ்கேப் செய்துகொண்டு கட்டளையை அங்கேயே முடித்துவிடும். கோப்பைத் திறக்கும்போதே சிஆரை உதறிவிட்டுப் படிக்கும் லின்டருக்கு இது தெரியவே தெரியாது. பைட்டுகளாகப் படியுங்கள், வரிமுடிவு வகையைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள், ஷெல் கோப்பில் சிஆர் கண்டால் ஒரே ஒரு செய்தி, கோப்பு முழுமைக்கும் சேர்த்து.

சி மேக்ரோவின் கடைசி வரியில் தேவையில்லாத பேக்ஸ்லாஷ் நிற்பது இதன் உறவுக்காரப் பிழை. அடுத்தது வெற்று வரி என்றால் இன்றைக்கு எதுவும் ஆகாது. நாளை யாரோ அந்த வெற்று வரியை அழித்தால் அதற்கடுத்த அறிவிப்பு மேக்ரோவுக்குள் போய்விடும், பிழை வேறு கோப்பில் வெடிக்கும். தொடர்ச்சிக்குப் பின் வெற்று வரி வந்தால் எச்சரியுங்கள்.

## குறி அடுத்த வரியில் இருக்கும் மொழிகளும், குறியே இல்லாதவையும்

விம் ஸ்கிரிப்டில் பேக்ஸ்லாஷ் தொடரும் வரியின் தொடக்கத்தில் வரும். ஃபோர்ட்ரானின் பழைய நிலையான வடிவத்தில் 6-ஆவது நெடுவரிசையில் ஸ்பேஸும் பூஜ்யமும் அல்லாத ஏதாவது ஓர் எழுத்து இருந்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. இப்படிப்பட்ட மொழிகளில் ஒரு வரியைப் படித்ததும் முடித்துவிடாமல், அடுத்த வரியை எட்டிப் பார்த்த பிறகே முழு வரியை லெக்சருக்கு அனுப்ப வேண்டும். நிலையான ஃபோர்ட்ரானில் கூற்றுக்கான இடம் 7 முதல் 72 வரை. ஒட்டுவதற்கு முன்பே 72-இல் வெட்டிவிடுங்கள். ஸ்ட்ரிங் நடுவே உடைந்திருந்தால், குட்டையான வரியை 72 வரை ஸ்பேஸால் நிரப்பிவிட்டு ஒட்டுவதே சரி, ஏனென்றால் அந்த ஸ்பேஸ்கள் ஸ்ட்ரிங்கின் பகுதி. துண்டு அட்டவணையில் இவையும் 'சேர்த்தது' வகைதான். ஃபோர்ட்ரான் 90-இன் கட்டற்ற வடிவத்தில் வரி முடிவில் '&' வரும்; ஒரு சொல்லையே உடைத்தால் அடுத்த வரியின் தொடக்கத்திலும் '&' கட்டாயம்.

கோ மொழியில் தொடர்ச்சிக் குறியே கிடையாது. வரி ஒரு பெயரிலோ, எண்ணிலோ, மூடும் அடைப்புக்குறியிலோ முடிந்தால் லெக்சர் தானே அரைப்புள்ளி போட்டுவிடும்:

```
ம := வ
    + ப
```

இரண்டாவது வரி தனிக் கூற்றாகிவிடுவதால் கம்பைலர் ஏற்காது. கூட்டல் குறி முதல் வரியின் முடிவில் இருக்க வேண்டும். (ஒற்றை எழுத்துப் பெயர்களுக்குக் காரணம் உண்டு: கோ மொழி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் பெயரில் ஏற்பதில்லை.)

பைத்தானில் இதே வடிவம் இன்னும் மோசம். உள்தள்ளி எழுதினால் உள்தள்ளல் பிழை வரும், தப்பித்தோம். உள்தள்ளாமல் '+ வரி' என்று எழுதினால் அது முறையான கூற்று. கணக்கிடப்பட்டு எங்கோ போய்விடும், மொத்தத்தில் 'வரி' என்ற மாறியின் மதிப்பு சேராது. இரும இயக்கியாகவும் ஒருமை இயக்கியாகவும் இருக்கக்கூடிய '+', '-' இரண்டில் ஒன்றோடு ஒரு கூற்று தொடங்கினால், முந்தைய வரியின் தொடர்ச்சியாக இருக்கக்கூடும் என்று எச்சரியுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஆபத்து இரு திசையிலும் உண்டு. 'ரிட்டர்ன்' என்ற சொல்லோடு வரி முடிந்தால் அங்கேயே அரைப்புள்ளி விழும், அரைப்புள்ளி இல்லாத வரிக்கு அடுத்த வரி '(' அல்லது '[' என்று தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

## விதிகளைப் பிரித்து வையுங்கள்

வரி நீளம், வரி முடிவு ஸ்பேஸ், டேப்-ஸ்பேஸ் கலப்பு ஆகியவை கோப்பு வரி விதிகள். இலக்கணம், பயன்படாத மாறி, உள்தள்ளல் ஆழம் ஆகியவை முழு வரி விதிகள். தொடர்வரியின் உள்தள்ளலைப் பிளாக்கின் உள்தள்ளலாக எண்ணினால் சரியான நிரலெல்லாம் பிழையாகும். அதற்குத் தனி விதி வேண்டும், பைத்தான் லின்டரான பைகோட்ஸ்டைலில் அதற்கென்று ஒரு குழு விதிகளே உள்ளன.

'இந்த எச்சரிக்கையை விடு' என்று சொல்லும் கமென்ட் முழு வரி முழுமைக்கும் பொருந்த வேண்டும். பைத்தானில் பேக்ஸ்லாஷுக்குப் பின் கமென்ட் எழுத முடியாது. ஆகவே பிழை 1-ஆம் கோப்பு வரியில் இருந்தாலும் கமென்ட்டை 3-ஆம் வரியின் கடைசியில்தான் எழுத முடியும். எச்சரிக்கையின் வரி எண்ணும் கமென்ட்டின் வரி எண்ணும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும் கருவியில் அந்த எச்சரிக்கையை அணைக்க வழியே இருக்காது.

எடிட்டரில் தட்டத் தட்டச் சோதிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு கோப்பு வரியின் தொடக்கத்திலும் லெக்சர் இருந்த நிலையைச் சேமியுங்கள்: மேற்கோள், அடைப்புக்குறி ஸ்டாக், தொடர்ச்சி உண்டா இல்லையா. ஒரு வரி மாறினால், அது சேர்ந்திருக்கும் முழு வரியின் தொடக்கத்துக்குப் பின்னோக்கிப் போய் அங்கிருந்து மறுபடி ஓட்டுங்கள். புதிதாக வந்த நிலையும் சேமித்த நிலையும் ஒன்றாகும் வரியில் நிறுத்துங்கள். மாறிய வரியை மட்டும் ஓட்டுவது போதாது, ஒரு பேக்ஸ்லாஷ் சேர்ந்தால் அடுத்த வரியின் பொருளே மாறிவிடும்.

## சோதனைக் கோப்புகள்

ஒவ்வொரு மொழிக்கும் குறைந்தது இவற்றை வையுங்கள்: பேக்ஸ்லாஷோடு முடியும் கோப்பு (கடைசி நியூலைன் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று), பேக்ஸ்லாஷுக்குப் பின் ஸ்பேஸ், டேப், சிஆர், ஒன்று, இரண்டு, மூன்று பேக்ஸ்லாஷ்களோடு முடியும் வரிகள், கமென்ட்டிலும் எல்லா வகை மேற்கோளிலும் தொடர்ச்சி, தொடர்ச்சிக்குப் பின் வெற்று வரி, நடுவே கமென்ட் வரி, பிழைக்கு முன்னால் தமிழ் உள்ள வரி.

இவற்றோடு, கைக்குக் கிடைக்கும் எல்லா நிரல் கோப்புகளின் மேலும் ஓட்டக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. முழு வரிகளின் ஒவ்வொரு எழுத்தையும் அட்டவணை வழியாகக் கோப்புக்குத் திருப்பி அனுப்பி, அங்கே இருப்பது அதே எழுத்துதானா என்று பாருங்கள். 'சேர்த்தது' வகையை மட்டும் விட்டுவிடுங்கள். அடுத்து, வைத்துக்கொண்ட பைட்டுகளையும் நீக்கிய பைட்டுகளையும் கூட்டி, அது கோப்பின் அளவுக்குச் சமமா என்று பாருங்கள். ஒரு பைட் குறைந்தாலும் எந்தக் கோப்பு, எந்த வரி என்று அச்சிட்டு நிறுத்துங்கள். அந்த வரியைத் திறந்தால் பெரும்பாலும் சிஆரோ, கோப்பின் முதலில் வரும் பிஓஎம் குறியோ அங்கே இருக்கும்.